கொம்புப் பூச்சிகளை இனங்கண்டு வகைப்படுத்தல்

பயிரில் காணும் பூச்சி எதுவென அறியாமல் மருந்து தெளிப்பது, நோய் இன்னதென அறியாமல் மருந்துண்பதை ஒக்கும். செலவு உறுதி, பயன் உறுதியன்று, தீங்கு நேர்வதும் உண்டு. ஆகவே பயிர்ப் பாதுகாப்பின் முதற்படி, கண்ணில் பட்ட பூச்சியைப் பிடித்து, அதன் பெயரையும் இனத்தையும் அறிவதேயாகும். இவ்வுண்மையைத் தூத்துக்குடிக் கரையோர மக்களுக்கு நன்கு அறிமுகமான ஒரு சிறு பூச்சியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துவரைச் செடியின் தண்டிலும், கருவேலமரத்தின் இளங்கிளைகளிலும் முள்ளைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறப் பூச்சிகளை விவசாயிகள் பலரும் பார்த்திருப்பர். விரலால் தொட்டவுடன் ஒன்று தண்டின் மறுபுறம் நகர்ந்து ஒளியும். அன்றித் 'தட்'டெனத் துள்ளிப் பறக்கும். அருகே கட்டெறும்புகள் ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கும். தோளின் இருபுறமும் மாட்டுக் கொம்பு போன்ற நீட்சிகள் இருப்பதால் ஆங்கில நூல்கள் இதனை 'மாட்டுப் பூச்சி' எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றன. நாம் இங்கு இதனைக் கொம்புப் பூச்சி என்றே அழைப்போம். "துவரையெல்லாம் இந்தப் பூச்சி பிடித்துவிட்டது, எந்த மருந்து அடிக்கலாம்?" என்பது ஊராட்சிக் கூட்டங்களில் அடிக்கடி எழும் வினாவாகும். விடை கூறுமுன், பூச்சியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பூச்சியின் இயல்பு

கொம்புப் பூச்சிகள் 'மெம்பிராசிடே' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் இக்குடும்பத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அசுவினி, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, சில்வண்டு ஆகியவை இதன் உறவினங்கள். இவை யாவும் கடித்து மெல்லும் வாயுடையன அல்ல; ஊசி போன்ற உறிஞ்சுகுழலைச் செடிக்குள் செலுத்திச் சாற்றைக் குடிப்பவை.

தலைக்குப் பின்னுள்ள முதல் மார்புக்கண்டத்தின் மேலோடு மற்றப் பூச்சிகளில் ஒரு சிறு பட்டையாக நின்றுவிடும். கொம்புப் பூச்சியிலோ அது பெருவளர்ச்சியுற்று, முதுகின்மேல் பின்னோக்கி நீண்டு, கூரை போல் கவிந்து நிற்கும். இதனை முதுகுக் கேடயம் எனலாம். பக்கவாட்டில் எழுவன தோட்கொம்புகள். பின்னோக்கிச் செல்வது பின்நீட்சி. இவற்றின் வடிவமே இனங்களைப் பிரித்தறிய உதவும் முதன்மையான அடையாளம்.

பெண்பூச்சி தன் வயிற்றின் நுனியிலுள்ள இரம்பம் போன்ற உறுப்பால் இளந்தண்டின் பட்டையைக் கீறி, அப்பிளவினுள் முட்டையிடும். முட்டையிட்ட இடம் பின்னர்த் தடித்துச் சொரசொரப்பாகிவிடும். குஞ்சுகள் ஐந்து முறை தோலுரித்து முழுப்பூச்சியாகும். குஞ்சுப் பருவத்தில் சிறகும் இல்லை; முழுவளர்ச்சியுற்ற கொம்பும் இல்லை. ஆதலின் தாயையும் குஞ்சையும் தனித்தனியே பார்ப்பவர், அவை வெவ்வேறு பூச்சிகள் என்றே எண்ணுவர்.

எறும்புகளின் காவல்

செடியின் சாற்றில் இனிப்பு மிகுதி. பூச்சியின் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதச்சத்து குறைவு. எனவே கொம்புப் பூச்சி ஏராளமாகச் சாற்றைக் குடித்து, எஞ்சிய இனிப்பு நீரைத் துளித்துளியாக வெளியேற்றுகிறது. இத்தேன்துளியை நாடியே எறும்புகள் வருகின்றன. நம் நாட்டில் 'கேம்போனோட்டஸ் கம்பிரஸஸ்' என்னும் கட்டெறும்பு இத்தொடர்பில் பெரிதும் காணப்படுகிறது. எறும்பு தன் உணர்கொம்பால் பூச்சியை வருட, பூச்சி ஒரு துளியை வெளிவிடும். கைம்மாறாகச் சிலந்தி முதலிய பகைவர்களை எறும்பு விரட்டுகிறது. மாட்டைக் காத்துப் பால் கறக்கும் உழவனின் தொழிலை எறும்பு இங்குச் செய்கிறது எனலாம்.

இதனின்று விவசாயி அறியத்தக்கது ஒன்றுண்டு. செடியில் எறும்புச் சாரை ஏறுமாயின், எறும்பைக் குற்றம் சொல்லாமல், அது எதனை நாடி ஏறுகிறது என்று நோக்க வேண்டும். மேலே கொம்புப் பூச்சியோ, அசுவினியோ, மாவுப்பூச்சியோ இருக்கக்கூடும். எறும்புச் சாரை, ஆய்வாளனுக்கு வழிகாட்டும் கைகாட்டி மரம்.

இனங்காண்பதால் வரும் பயன்

"பெயர் எதுவானால் என்ன? பூச்சி பூச்சிதானே?" என்று சிலர் வினவுவர். பெயரைத் தவறாகக் கொண்டதால் நேர்ந்த இடர்ப்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் மரவள்ளித் தோட்டங்களில் ஒரு மாவுப்பூச்சி புதிதாகப் புகுந்து, கோடிக்கணக்கான மக்களின் உணவைப் பாழ்படுத்தியது. அதன் தாயகம் தென்னமெரிக்கா. ஆங்குள்ள இயற்கைப் பகைவர்களைக் கொணரலாமென அறிஞர் தேடியபோது, தென்னமெரிக்காவின் வடபகுதியில் ஏறத்தாழ அதே தோற்றமுடைய மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைத் தாக்கவில்லை. நுணுகி ஆராய்ந்தபோது இரண்டும் வெவ்வேறு இனங்கள் எனத் தெளிவாயிற்று. 1981-இல் பராகுவே நாட்டில் உண்மையான இனம் கண்டறியப்பட்டது. அதனைத் தாக்கும் 'அனகைரஸ் லோபசி' என்னும் சிறு குளவியும் கிடைத்தது. அக்குளவியே ஆப்பிரிக்க மரவள்ளியைக் காத்தது.

இது தொலைநாட்டுக் கதையன்று. அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் காணப்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளிப் பகுதிகளிலும் பரவியது. பெயர் முன்னரே உறுதியாகியிருந்ததால் மருந்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அதே குளவி வரவழைக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. அதற்கு முன் 2008-இல் கோயம்புத்தூரில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சியும், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொணரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியால் அடங்கியது. பெயர் தெரிந்தால் பகையும் தெரியும். பகை தெரிந்தால் செலவு குறையும்.

கொம்புப் பூச்சிக்கு வருவோம். துவரையில் இது பெரும்பாலும் சிறுதரப் பூச்சியே. மிகுதியாகப் பெருகினால் தண்டு வாடும். முட்டையிட்ட கிளை காயும். ஆனால் துவரை விளைச்சலைப் பெரிதும் குறைப்பது காய்ப்புழுவாகும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கொம்புப் பூச்சிக்கு அஞ்சிப் பூக்கும் பருவத்தில் நச்சு மருந்தைத் தெளிப்பவர், மகரந்தம் பரப்பும் தேனீயையும், கொம்புப் பூச்சியின் முட்டைக்குள் வளரும் நுண்ணிய குளவிகளையும் சேர்த்தே அழிக்கிறார். காய்ப்புழுவுக்கெனச் சேமிக்க வேண்டிய பணமும் வீணாகிறது. மானாவாரிக் கரிசலில் ஒரு போகமே நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று.

எனினும் எந்த ஊரிலும் எந்தக் கொம்புப் பூச்சியும் தீங்கற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. அமெரிக்காவில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூச்சி, திராட்சைக் கொடியின் செம்புள்ளி நச்சுயிரி நோயைப் பரப்புவதாக 2016-இல் நிறுவப்பட்டது. ஆகவே இனத்தை அறிதல் இன்றியமையாதது.

சேகரிக்கும் முறை

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வேண்டுவன: வெண்துணி வலை ஒன்று, பழைய குடை ஒன்று, வாயகன்ற சிறு புட்டிகள், சாமணம், கைப்பெருக்காடி, குறிப்பேடு, பென்சில்.

நம் மாவட்டத்தில் மூவகை நிலங்களில் தேடலாம். கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளின் கரிசலில் துவரையும் பிற பயறுகளும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளின் செம்மணல் தேரிகளில் குடை போல் விரியும் உடைமரங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கத்தரித் தோட்டங்களும் வரப்போர மரங்களும். கடலோர உப்பளங்களை ஒட்டிய சீமைக்கருவேலையும் விடலாகாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தளிர் விடும் காலம் தேடுவதற்கு ஏற்றது.

மரத்தடியில் குடையைத் தலைகீழாக விரித்துக் கிளையைக் கோலால் தட்டினால் பூச்சிகள் குடைக்குள் விழும். செடிகளில் வலையை வீசிப் பிடிக்கலாம். எறும்புச் சாரையைப் பின்பற்றிச் சென்று, சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுப்பது எல்லாவற்றினும் நன்று. ஏனெனில் எந்தச் செடியில், எந்தப் பகுதியில், எந்த எறும்புடன் இருந்தது என்பது அப்போதுதான் தெரியும். ஒரே கிளையிலிருந்து ஆண், பெண், குஞ்சு மூன்றையும் எடுத்து வைத்தல் வேண்டும். தேவைக்கு மேல் பிடித்தல் கூடாது. ஓரினத்திற்குப் பத்துப் பன்னிரண்டு போதும்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகும். அங்கும், வல்லநாடு வெளிமான் சரணாலயத்திலும் வனத்துறையின் அனுமதியின்றி எதனையும் சேகரித்தலாகாது. இதனை இளைஞர்களுக்கு முன்னதாகவே அறிவுறுத்த வேண்டும்.

பதப்படுத்தலும் சீட்டெழுதலும்

குஞ்சுகளை நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு வலிமையுள்ள சாராயக் கரைசலில் இட்டு வைக்க வேண்டும், உலர்த்தினால் சுருங்கிவிடும். முழுப்பூச்சிகளை உலர்த்திக் காக்கலாம். பெரியவற்றின் மார்பின் வலப்புறம் ஊசி செலுத்தலாம். இடப்புறம் பழுதுறாமல் இருந்தால் அடையாளங்கள் முழுமையாகத் தெரியும். சிறியவற்றை முக்கோணமாக வெட்டிய தடித்த காகிதத்தின் நுனியில் ஒரு பொட்டுப் பசையிட்டு ஒட்டி, அக்காகிதத்தில் ஊசி குத்த வேண்டும்.

நம் கரையில் உப்புக்காற்று ஓயாது வீசுகிறது. சாதாரண ஊசி விரைவில் துருவேறிப் பூச்சியைக் கெடுத்துவிடும். எஃகினாலான துருவேறா ஊசிகளையே பயன்படுத்துக. பெட்டி இறுக மூடுவதாக இருக்க வேண்டும். அந்துருண்டை இடுக. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காதிருக்கத் திங்கள்தோறும் திறந்து பார்த்தல் நலம்.

பூச்சியினும் சீட்டுப் பெரிது என்பர் ஆய்வாளர். சீட்டில்லாத பூச்சி, முகவரியில்லாத கடிதம் போன்றது. சீட்டில் எழுதற்பாலன ஐந்து: மாவட்டம், வட்டம், ஊர், பிடித்த நாள், திங்கள், ஆண்டு, செடியின் பெயர், உடனிருந்த எறும்பு முதலிய குறிப்பு, பிடித்தவர் பெயர். செடியின் பெயரை ஊரில் வழங்கும் பெயராலேயே எழுதலாம். ஐயமிருப்பின் ஒரு கிளையை இலை பூவுடன் அழுத்தி உலர்த்தி உடன் வைக்க வேண்டும். சாராயப் புட்டிக்குள் இடும் சீட்டைப் பென்சிலாலேயே எழுதுக; பேனா மை கரைந்துவிடும்.

வகைப்படுத்தும் முறை

முத்துச் சலாபம் நடந்த காலத்தில் முத்துக்களைத் தரம் பிரித்த முறையை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கலாம். 1961-க்குப் பின் இக்கரையில் சலாபம் நடைபெறவில்லை. எனினும் அம்முறை இங்கு நினைக்கத்தக்கது. துளையளவால் வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பர். பின்னர் உருட்சியும் ஒளியும் நோக்கி, ஆணிமுத்து முதல் தூள் ஈறாகப் பிரிப்பர். ஒவ்வொரு சல்லடையும் ஒரு வினா; தங்குவது ஒரு விடை, விழுவது மற்றொரு விடை. பூச்சிகளை இனம் பிரிக்கும் திறவுகோலும் இத்தகையதே. பின்வரும் வினாக்களை வரிசையாக எழுப்புக.

1. வாய் உறிஞ்சுகுழலா, கடிக்கும் தாடையா? தாடையாயின் அது வண்டு முதலிய வேறு வகை, ஒதுக்கிவிடுக. குழலாயின் அடுத்த வினாவிற்குச் செல்க.

2. முதுகுக் கேடயம் பின்னோக்கி வயிற்றின்மேல் நீண்டுள்ளதா? இல்லையெனில் அது தத்துப்பூச்சியாகவோ வேறு உறவினமாகவோ இருக்கும். நீண்டிருப்பின் அது கொம்புப் பூச்சியே.

3. கேடயத்திற்குப் பின், சிறகுகளின் அடியிடையே உள்ள சிறு முக்கோணத் தகடு தெரிகிறதா? பின்நீட்சி அதனை முற்றும் மறைத்திருப்பின், அது 'ஆக்சிராக்கிஸ்' பேரினம். கருவேலிலும் துவரையிலும் காணும் 'ஆக்சிராக்கிஸ் டரண்டஸ்' இதனைச் சேர்ந்தது. தகடு தெரியுமாயின் மேலும் செல்க.

4. தோட்கொம்பு உண்டா? கொம்பே இல்லாத, சிறிய உருவமுடையதாயின் 'கார்கரா' பேரினமாகலாம். கொம்பில்லாத கொம்புப் பூச்சியும் உண்டென்பதை இதனால் அறிக.

5. கொம்புண்டாயின், பின்நீட்சி எவ்வாறு நிற்கிறது? மெல்லிய ஊசிபோல முதுகினின்று விலகி வளைந்து நிற்க, கொம்புகளும் நீண்டு கூராக இருப்பின் 'லெப்டோசென்ட்ரஸ்'. கத்தரியில் காணும் கருநிற 'லெப்டோசென்ட்ரஸ் டாரஸ்' இத்தகையது. கொம்புகள் குட்டையாகத் தடித்து, பின்நீட்சி அலைபோல் வளைந்து, உடல் பழுப்பாயிருப்பின் 'ஓடினோடஸ்'. பயறுவகைச் செடிகளில் காணும் 'ஓடினோடஸ் ஒனரேடஸ்' இதனைச் சேர்ந்தது.

இவையன்றி வேறு பேரினங்களும் நம் நாட்டில் உள. ஆதலின் மேற்கண்டது முதற்பிரிவுக்கு மட்டுமே உதவும். நெருங்கிய இனங்களைப் பிரிக்க, ஆண்பூச்சியின் இனவுறுப்புகளை நுண்பெருக்காடியில் நோக்குதல் வேண்டும். அது வல்லுநர் பணி.

முத்துச் சல்லடைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. முத்தில் அளவே முதற்குறி. பூச்சியில் அளவை நம்பலாகாது. ஆண் சிறிதாகவும் பெண் பெரிதாகவும் இருத்தல் இயல்பு. நிறமும் உலர்ந்தபின் மாறும். சங்கு குளிப்போர் அறிந்த செய்தி ஒன்று இங்கு உதவும். வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டாலும், நம் கடலில் இரண்டும் ஒரே இனமே. சுழி திரும்பியிருப்பது அரியதொரு மாறுபாடு மட்டுமே. அதுபோலவே கொம்பின் நீளம் சிறிது கூடிக் குறைந்ததைக் கண்டு புதிய இனம் என்று துணிதல் தவறு. மறுதலையாக, பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஓரினம் என்று கொள்வதும் தவறு. மரவள்ளி மாவுப்பூச்சியின் வரலாறு அதற்குச் சான்று. பலவற்றை ஒருங்கே வைத்து ஒப்புநோக்குவதே முறை.

பெயர்கள் வந்த வழி

ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்களாலான பெயரிடும் முறையைச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் விலங்குகளுக்கு நிலைநாட்டினார். அவர் மாணவரான கோனிக் 1768-இல் டேனிஷ்காரரின் தரங்கம்பாடிக்கு வந்தார். தரங்கம்பாடியிலிருந்து பூச்சிகளும் செடிகளும் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. லின்னேயஸின் மற்றொரு மாணவரான பாப்ரிசியஸ், இந்தியப் பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டார். 1775-இல் ஒரு கொம்புப் பூச்சிக்கு அவர் இட்ட 'டாரஸ்' என்னும் பெயர் காளையைக் குறிக்கும். 1798-இல் இட்ட 'டரண்டஸ்' பனிநாட்டுக் கலைமானைக் குறிக்கும். 1858-இல் வாக்கர் இட்ட 'ஒனரேடஸ்' என்பதற்குச் சுமை ஏற்றப்பட்டது என்பது பொருள். நம் துவரைத் தண்டில் இருப்பவை காளையும் கலைமானும் சுமைதாங்கியும் ஆகும்!

1907-1908 ஆண்டுகளில் டிஸ்டன்ட் என்பார் இந்தியக் கொம்புப் பூச்சிகளைத் தொகுத்து நூலாக்கினார். சென்னை மாகாணத்தின் பூச்சிகளைப் பற்றி பிளெச்சர் 1914-இலும், டி. வி. இராமகிருஷ்ண அய்யர் 1940-இலும் எழுதிய நூல்கள் விவசாயத்திற்குப் பெரிதும் உதவின. 1996-இல் கே. எஸ். அனந்தசுப்பிரமணியன் எழுதிய கொம்புப் பூச்சித் தொகுதியை இந்திய விலங்கியல் ஆய்வகம் வெளியிட்டது. சேகரித்தவர் சிலர், பெயரிட்டவர் சிலர், திருத்தியவர் சிலர். இத்தொடர்ச்சி, ஊரில் பிடித்த ஒரு பூச்சியும் ஒரு சிறு சீட்டுமாகவே தொடங்கியது என்பதை மறத்தலாகாது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகள்தோறும் பன்மய மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். ஊரிலுள்ள உயிரினங்களின் மக்கள் பதிவேடு ஒன்றும் எழுதப்பெறுதல் வேண்டும். பல பதிவேடுகளில் மரமும் மாடும் மீனும் இடம்பெறுகின்றன. பூச்சி பற்றிய பக்கம் வெறுமையாக நின்றுவிடுகிறது. அதனை நிரப்பும் பணியைப் பின்வருமாறு மேற்கொள்ளலாம்.

முதலாவது, ஊர்ப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரையும், ஆர்வமுள்ள விவசாயிகள் இருவர் மூவரையும் கொண்டு ஒரு சிறு குழு அமைக்கலாம். இரண்டாவது, விதைப்பு முதல் அறுவடை வரை பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அதே வயல், அதே மரங்களைப் பார்த்துக் குறிப்பெழுதலாம். எப்போது தோன்றியது, எப்போது பெருகியது, எப்போது தானே அடங்கியது என்பது அதனால் விளங்கும். மூன்றாவது, மேற்கூறிய திறவுகோலால் முதற்பிரிவு செய்து, ஐயமானவற்றைச் சீட்டுடன் வட்டார வேளாண்மை அலுவலர் வாயிலாகக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கோ கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற்கோ அனுப்பலாம். நான்காவது, உறுதியான பெயரைப் பதிவேட்டில் ஊர்வழக்குப் பெயருடன் சேர்த்து எழுதலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தை மாணவர்களுக்குக் காட்டுவதும் பயன்தரும்.

துவரையில் கொம்புப் பூச்சி கண்ட விவசாயிக்கு உடனடியாகக் கூறத்தக்கது இது: முதலில் எண்ணிப் பாருங்கள். சில செடிகளில் மட்டும் இருப்பின், முட்டையிட்டுச் சொரசொரத்த கிளைகளைக் கிள்ளி அழித்தால் போதும். வயல் முழுதும் பெருகித் தண்டு வாடுமாயின், நான்கைந்து பூச்சிகளைப் புட்டியிலிட்டு வேளாண்மை அலுவலரிடம் காட்டி, அவர் கூறும் முறையைக் கைக்கொள்ளுங்கள். கடைக்காரர் கொடுத்ததைக் கண்ணை மூடித் தெளிக்க வேண்டா.

முத்துக்கும் சங்குக்கும் தரமறிந்து பெயரிட்ட கரை நம் கரை. கடலடியில் கிடப்பதை அவ்வளவு நுணுக்கமாக அறிந்த மக்களுக்கு, வரப்போரத்தில் இருப்பதை அறிதல் அரிதன்று. வருகின்ற பருவத்தில் ஊராட்சிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் சீட்டுடன் கூடிய பூச்சிகள், பதிவேட்டில் அவற்றின் பெயர்கள் என்னும் நிலை ஏற்படுமாயின், தேவையற்ற ஒரு தெளிப்பேனும் குறையும். ஏழை விவசாயியின் கையில் அவ்வளவு பணம் மிஞ்சும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வார்களாக.